நான் போகாத நாட்களின் தேதிகள்

எழுபதுகளின் பிற்பகுதியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, சைக்கிள் மிதிக்கிற வேலை. அரசாங்கம் அதற்கு வைத்திருந்த பெயர் நீளமானது. ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'மலேரியாக்காரர்' என்றார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை என் வட்டாரத்தில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். யாருக்காவது காய்ச்சலா என்று கேட்க வேண்டும். காய்ச்சல் என்றால் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டு, கசப்பு மாத்திரை கொடுத்துவிட்டு வர வேண்டும். காய்ச்சல் இல்லையென்றால் கேட்டதோடு சரி. எப்படியானாலும் வாசல் சுவரில் வரைந்திருக்கும் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேற்பார்வையாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து அந்தச் சுவரைப் பார்ப்பார்.

வேலை தற்காலிகம். நிரந்தரம் ஆன பிறகுதான் கல்யாணப் பேச்சு என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பெண்ணையும் பார்த்து, பிடித்தும் போயிருந்தது. அதனால் என் வாழ்க்கை ஊரார் வீட்டுச் சுவர்களில் இருந்தது.

ஆபீசில் கொடுத்த சைக்கிள் எருமை மாதிரி கனம். எனக்கு முன்னால் அதை மிதித்தவர் குள்ளமானவர் போலிருக்கிறது. சீட்டை எவ்வளவு திருகினாலும் மேலே வராது. மழைக்காலத்தில் கரைக் களிமண் மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும் என்பதால் இரண்டு மட்கார்டையும் கழற்றிப் பரணில் போட்டேன். அதன் பிறகு சேறு நேராக என் முதுகில் ஏறியது. நின்று நின்று தள்ளுவதற்குச் சேறு பரவாயில்லை.

பதினைந்து நாளில் பதினான்கு நாள் பக்கத்துத் தெருக்கள். ஒரே ஒரு நாள்தான் அந்தப் பெரிய சுற்று. எங்கெங்கோ தள்ளித் தள்ளிக் கிடக்கும் வீடுகளையெல்லாம் ஒரே நாளில் கோத்து முடிக்க வேண்டும். காலையில் காரைக்கால் டவுனில் கிளம்பினால் திருநள்ளாறு வரை தார் ரோடு. குளித்தவர்கள் ஈரத்துணியோடு நடப்பதால் கோயில் கடைத்தெரு எந்த மாதத்திலும் நனைந்தே கிடக்கும், பிரேக் பிடித்தால் சறுக்கும். அங்கிருந்து வடக்கே வாய்க்கால் கரை. மாட்டுவண்டித் தடம் இரண்டு பள்ளமாக ஓட, நடுவில் புல் மேடு. பள்ளத்தில் போனால் பெடல் மேட்டில் இடிக்கும், மேட்டில் போனால் சக்கரம் பள்ளத்துக்கு வழுக்கும். பிறகு வயல் வரப்பு. வரப்பில் ஓட்டுவதற்கு ஒரே ஒரு வித்தைதான்: முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, வரப்பு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். குனிந்து சக்கரத்தைப் பார்த்தால் அடுத்த கணம் நாற்றங்காலில் கிடப்போம். எத்தனை பேர் நாற்றைப் படுக்க வைத்தேன் என்று தெரியாது, வாங்கின திட்டு மட்டும் நினைவிருக்கிறது. குறுக்கே வரும் ஒரு வாய்க்காலுக்குப் பனைமரத்தைப் பிளந்து போட்டிருப்பார்கள். அதில் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். பூவத்துக்குள் நுழையும்போது வெயில் உச்சியை நெருங்கியிருக்கும்.

பூவத்திலிருந்து நண்டலாற்றின் தென்கரையைப் பிடித்துக் கடல் வரை போவது அடுத்த பகுதி. இரண்டு பக்கமும் கருவேல முள். கரை முடிகிற இடத்தில் ஆறு பரந்து உப்பங்கழியாகிவிடும். கழிக்கு அந்தப் பக்கம் ஒரு மணல்மேடு. அந்த மேட்டைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. எனக்கு வேலை கிடைப்பதற்கு முந்தைய வருஷப் புயலில் ஆறு தன் வாயை மாற்றிக்கொண்டது. அதுவரை எங்கள் கரையோடு ஒட்டியிருந்த மேட்டை அறுத்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டுத் தெற்கே புகுந்து கடலில் விழுந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, எங்கள் பக்கம் காரைக்கால். மேட்டில் இருந்த நான்கு வீடுகளோ எங்கள் பட்டியலில் இருந்தன. அந்தப் பக்கத்து ஆட்கள் "அது காரைக்கால்" என்று கைகாட்டினார்கள். எங்கள் ஆட்கள் ஆறு தாண்டிவிட்டதே என்று தலையைச் சொறிந்தார்கள். நான்கில் மூன்று வீடுகள் காலியானபோது 'ஆள் இல்லை' என்று பட்டியலில் அடித்தவன் நான். மிச்சம் ஒரு வீடு, புருஷன் பெண்சாதி இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்காக அரை நாள் போய்விடும்.

தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கழியில் இறங்க வேண்டும். முழங்கால் தண்ணீர், அதைத் தாண்டினால் உளைச்சேறு. உளை தாண்டினால் காய்ந்த மணல். டயரில் பாதிக் காற்றை விட்டால்தான் சக்கரம் புதையாமல் நகரும். கோடையில் நான்கைந்து தடவை ஒழுங்காகப் போனேன். ஆனி மாதத்தில் ஒரு நாள் கால் வைத்த இடம் தவறி உளையில் இறங்கிவிட்டேன். முட்டி வரை, பிறகு தொடை வரை. கத்தினேன். தென்கரைச் சவுக்குத் தோப்பில் காற்று கடல்போல் இரைந்ததில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் சைக்கிளைப் படுக்கப் போட்டு, அதன் மேல் மார்பை வைத்து ஊர்ந்து வெளியே வந்தேன். அங்கே செத்தால் காரைக்கால் கணக்கா தமிழ்நாட்டுக் கணக்கா என்று இரண்டு ஆபீசும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நான் மேட்டுக்குப் போகவில்லை. கரை முடிகிற இடத்தில் சைக்கிளை நிறுத்துவேன். நோட்டில் தேதி எழுதி, 'காய்ச்சல் இல்லை' என்று போட்டு, தெற்கே திரும்பிச் சவுக்குத் தோப்பு வழியாக வந்துவிடுவேன். முதல் தடவை நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாவது தடவை பேனாவில் மை இருக்கிறதா என்பது மட்டுமே கவலை. இப்படி ஆறு தடவை, மூன்று மாதம்.

புரட்டாசியில் ஒரு நாள் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் நோட்டு விரிந்திருந்தது.

"நேத்து மேட்டுக்குப் போயிருந்தேம்ப்பா. விடியக்காலம் படகுல கொண்டுபோயி எறக்கிவிட்டாங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"இந்தப் பயலுவ ஒருத்தனும் அங்க போவ மாட்டான்னு நெனச்சுக்கிட்டுத்தான் போனேன். சுவத்துல ஒரு முறை விடல நீ. நோட்டுல உள்ள தேதியும் சுவத்துத் தேதியும் அச்சு மாறாம இருக்கு. ஒன்னோட ஏழத்தான் வாசல்லேந்தே கண்டுபுடிச்சேன். ஒன்னய நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிட்டேன், போ."

என் ஏழு கொஞ்சம் விசேஷம். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஏழின் நடுவில் குறுக்குக் கோடு போடாவிட்டால் பிரம்பை எடுப்பார். எழுபதுகள் என்பதால் நான் எழுதிய எல்லாத் தேதியிலும் அந்த ஏழு இருந்தது. நான் எழுதாத தேதியிலும் இருக்கிறது என்று இப்போது இவர் சொல்கிறார்.

சந்தோஷப்படத்தான் வேண்டும். படமுடியவில்லை. அன்று தூங்கவும் இல்லை. எழுதியது நான்தானோ, போனதை மறந்துவிட்டேனோ என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றியது. அந்த நினைப்புத்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. காலையில் யாரிடமும் சொல்லாமல், பெரிய சுற்றுக்கான முறை இல்லாத நாளில், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வழக்கமான பாதைதான், ஆனால் அன்று ஒவ்வொன்றும் வேறாக இருந்தது. நடவு முடிந்த வயல்களில் ஆள் இல்லை. வரப்பின் இரண்டு பக்கமும் நிறைந்து நின்ற தண்ணீரில் என் சைக்கிள் தலைகீழாக என்னோடு வந்தது. வரப்பு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டியவன் அதைப் பார்த்து, இரண்டு முறை விழுந்தேன். திட்டுவதற்குக்கூட யாரும் வரவில்லை. பனைமரத்தைத் தாண்டும்போது நடுவில் கால் பிசகி, ஒரு நிமிஷம் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

நண்டலாற்றுக் கரையில் ஏறியதும் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. பெடலை நிறுத்திச் சக்கரத்தைத் தானாக ஓடவிட்டால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், எல்லாச் சைக்கிளிலும் வருவதுதான். நான் மிதிக்கும்போதும் அது எனக்குப் பின்னால் கேட்டது. நின்றேன். என் சக்கரம் நின்ற பிறகும் இரண்டு 'டிக்' அதிகமாகக் கேட்டது. திரும்பினால் முள்ளும் வெள்ளை வெயிலும்தான். எதிர்க்கரையில் பட்டு எதிரொலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு நிற்காமல் மிதித்தேன், முள் குத்திப் பஞ்சர் ஆனாலும் ரிம்மிலேயே ஓட்டிவிடலாம் என்று. நிறுத்தினால் அது பக்கத்தில் வந்துவிடும்போல் இருந்தது.

கரை முடிவதற்கு வெகு முன்னாலேயே மேடு தெரிந்தது. அதன் உச்சியில் ஓர் உருவம் நின்றது. கானலில் அதற்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் மிதிக்க மிதிக்க அது கிட்டே வரவில்லை, விலகவும் இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு முள்கிளையை விலக்கக் குனிந்து நிமிர்ந்தபோது மேடு வெறுமையாக இருந்தது.

தண்ணீர் வற்றிய நேரம். உளையை ஒரு கம்பால் குத்திக் குத்திப் பார்த்து ஓரடி ஓரடியாக வைத்துத் தாண்டினேன். நான் கால் வைக்குமுன் நூற்றுக்கணக்கான நண்டுகள் ஒரே நேரத்தில் வளைக்குள் போயின. என்னைத் தவிர அங்கே அசைவது எதுவும் இல்லாமல் போயிற்று. மணலில் ஓட்டத் தெம்பில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். கீற்று வேய்ந்த வீடு. கதவு சாத்தியிருந்தது. சுவரில் நான் கோடையில் வரைந்த கட்டம். கோடையில் எழுதிய தேதிகள். அவற்றுக்குக் கீழே, நான் வராத ஆறு நாட்களின் தேதிகள். எல்லாம் என் கையெழுத்து. குறுக்குக் கோடு போட்ட ஏழு, கையெழுத்தின் கடைசியில் நான் இழுக்கிற வால், எல்லாமே. சுவரில் எழுத நான் பேனா வைத்துக்கொள்வதில்லை. அந்தந்த வீட்டு அடுப்பில் ஒரு கரித்துண்டு வாங்கி எழுதுவேன். இதுவும் கரிதான்.

ஆறுக்குக் கீழே ஏழாவதாக ஒன்று இருந்தது. அன்றைய தேதி.

தொட்டேன். விரலில் கரி ஒட்டியது. சுவரடியில் மணலில் கரித்தூள் உதிர்ந்து கிடந்தது, அதைக் காற்றுகூட இன்னும் கலைக்கவில்லை. நான் வருவேன் என்று எனக்கே விடியற்காலையில்தான் தெரியும். அந்த நடு வெயிலில் எனக்குக் குளிர் எடுத்து, பல் தந்தியடித்தது.

கதவு திறந்தது. வீட்டுக்கார அம்மாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு செம்பு.

"வாங்க தம்பி. தண்ணி குடிங்க" என்றார்.

குடிக்கவில்லை. "இத யாருங்கம்மா எழுதுனது?" என்று கேட்டேன்.

"நாந்தான்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்பது இன்றுவரை காதில் இருக்கிறது. உள்ளே ஆணியில் திருநள்ளாற்றுக் கடையொன்றின் தினசரிக் காலண்டர் தொங்கியது. அவர் ஐந்தாவது வரை படித்தவர். நான் எழுதியதைப் பார்த்துப் பார்த்துத் தரையில் எழுதிப் பழகியிருக்கிறார். ஏழுதான் வருவதற்கு நாளாயிற்று என்றார்.

"கரை முடியிற எடத்துல வந்து நிப்பீங்கல்ல. நோட்ட எடுத்து எழுதுவீங்க, திரும்பிடுவீங்க. இங்கேந்து பாத்தா அம்புட்டும் தெரியும். சைக்கிளு வெயில்ல பளிச்சுன்னு அடிக்கும். அவரு எழுதிட்டாரு, நாமளும் எழுதிடுவோம்னு எழுதிடுவேன். இன்னைக்கும் நீங்க கரைல வர்றதப் பாத்துட்டுத்தான் உள்ள போயி கரி எடுத்தேன். நீங்க இங்க வரைக்கும் வருவீங்கன்னு நெனைக்கல."

ஆறு தடவையும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் பொய் எழுதினேன். ஆறு தடவையும் இவர் மேட்டில் நின்று பார்த்திருக்கிறார். வெட்கத்தில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எதுக்கும்மா எழுதுனீங்க? என்னயக் காப்பாத்தவா?"

"ஒங்கள எதுக்குக் காப்பாத்தப் போறேன்? தேதி இல்லன்னா வூட்டுல ஆளு இல்லன்னு அடிச்சிடுவீங்க. அந்த மூணு வூட்டயும் அப்புடித்தான அடிச்சீங்க? அந்தப் பக்கத்துக்காரங்க எங்களச் சேத்துக்க மாட்டேங்குறாங்க. நாங்க காரைக்கால்தான்னு சொல்றதுக்கு இந்தச் சுவருதான் இருக்கு. ரேஷன் கார்ட ரத்து பண்ண வந்தவங்ககிட்டயும் இதத்தான் காட்டுனேன்."

பேச்சை மாற்றுவதற்காக அய்யா எங்கே என்று கேட்டேன். அவர் சுவரருகே போய், மேலிருந்து விரல் வைத்து எண்ணி, ஆவணி மாதத் தேதி ஒன்றின் மேல் நிறுத்தினார்.

"இந்தத் தேதில" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"குளுரு காய்ச்சல். நாலு நாளா தூக்கித் தூக்கிப் போட்டுது. படகுங்களும் அப்பப் பாத்து இந்தப் பக்கம் வரல. நீங்க வர்ற நாளுன்னு காத்துக்கிட்டு இருந்தேன். கரைல வந்து நின்னீங்க. முந்தானைய அவுத்து ஆட்டுனேன். நீங்களும் கைய ஆட்டுனீங்க. வர்றீங்கன்னு உள்ள போயி அவருகிட்டச் சொன்னேன். சாயங்காலம் போயிட்டாரு."

கையை ஆட்டியது எனக்கு நினைவிருந்தது. தூரத்தில் ஏதோ துணி அசைந்தது. யாரோ விசாரிக்கிறார்கள் என்று நல்ல மனதோடு கையை ஆட்டிவிட்டு, தோப்பு நிழலில் சீட்டியடித்துக்கொண்டு போனேன். பையில் மாத்திரை இருந்தது. அது என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் இனித் தெரியாது. தெரிந்துகொள்வதுதான் என் வேலையாக இருந்தது.

மணலில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மாள் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் மணலில் புதைத்திருப்பதாகவும், மறுநாள் வந்த படகுக்காரர்கள் ஒத்தாசை பண்ணினதாகவும் சொன்னார். தேதியையும் மறுநாள்தான் எழுதினாராம். மேற்பார்வையாளர் வந்து வீட்டுக்காரரைக் கேட்டதற்குக் கடலுக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"ஆபீசுல உள்ளதச் சொல்லிடுறேம்மா" என்றேன். அப்போது அதை உண்மையாகத்தான் சொன்னேன்.

"சொன்னா இந்தத் தேதியெல்லாம் பொய்யின்னு ஆயிடும். அப்பறம் நான் எங்க இருந்தேன்னு ஆவும்? ஒங்களுக்கு மனசு ஆறும், எனக்கு வூடு போவும். எழுதுங்க. வந்தாச்சுல்ல, நோட்ட எடுத்து எழுதுங்க."

நோட்டில் அந்த வீட்டின் பக்கத்தை எடுத்தேன். வீட்டில் உள்ளவர்கள் எத்தனை என்று ஒரு கட்டம் உண்டு. அதன் மேல் பேனாவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"ரெண்டுன்னே இருக்கட்டும்" என்றார். "ஒத்தப் பொம்பளன்னா, சொந்தக்காரங்ககிட்டப் போயிட்டான்னு எழுதிடுவாங்க."

இரண்டு என்று எழுதினேன். திரும்பும்போது கழியைத் தாண்டி, கடலோர ஈர மணலில் தெற்கே ஓட்டினேன். அலை போன இடம் சிமெண்டுத் தரைபோல் இறுகியிருக்கும், சுற்றிலேயே சுகமான பகுதி அதுதான். வழியில் காரைக்கால்மேடு என்ற மீனவர் ஊரில் வலை காயப் போட்டிருந்தார்கள். வலை மேல் சக்கரம் ஏறக் கூடாது என்பதால் இறங்கித் தள்ளினேன். ஒருவர் "என்ன மலேரியா, ஒடம்புக்கு முடியலியா?" என்று கேட்டார். வெயில் என்றேன்.

அடுத்த பொங்கலுக்குள் வேலை நிரந்தரமாயிற்று, கல்யாணமும் ஆயிற்று. பார்த்த பெண்தான். இதை நான் அவளிடம்கூடச் சொன்னதில்லை. எண்பதுகளின் நடுவில் எனக்கு வேறு வட்டாரம் கொடுக்கும் வரை, மழையோ வெயிலோ, ஒரு முறையும் விடாமல் அந்தக் கழியைத் தாண்டினேன். கரித்துண்டு வாங்கிச் சுவரில் தேதி எழுதுவேன். நோட்டில் இரண்டு என்று எழுதுவேன். பிறகு விதிப்படி, யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்பேன்.

அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்து, "இல்லீங்க தம்பி, ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்" என்பார்.